அமானிதத்தின் முதற்பாதி

2019 செப்டம்பர் 26. ஐக்கிய தேசியக் கட்சியின் செயற்குழு, சஜித் பிரேமதாசவை ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவுசெய்தது. வாவிக்கரையோர எங்கள் வீட்டில் வாப்பாவுக்கு மகிழ்ச்சி.

"உங்களக் கேட்டாங்களா வாப்பா?" என்றேன்.

"நவம்பர் 16ல கேப்பாங்க மகள்" என்று சிரித்தார்.

வாக்கு ஓர் அமானிதம் என்பார் உம்மா. வேட்பாளர் முடிவான பிறகே அது நம் கைக்கு வருகிறது. அமெரிக்காவிலோ கட்சி வேட்பாளரைத் தெரிவதற்கும் மக்கள் வாக்களிக்கின்றனர்.

இவ்வருடம் எங்கள் தமிழ் மன்றத் தலைவிப் போட்டிக்கு மூன்று பெயர்களை முன்மொழியும் குழுவில் நானும் இருந்தேன். தோழியின் பெயரை எழுதப்போன வேளை, அன்றைய கேள்வி என்னிடமே திரும்பியது. பேனையை வைத்துவிட்டு, "எல்லா வகுப்புகளிலும் பெயர் கேட்போம்" என்றேன்.

தோழி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வகுப்புகளிலிருந்து வந்த பெயர்களில் அவளுடையதும் இருந்தது. அதை எழுதியவள் நானல்ல.