இரண்டு மணி நேர வேலை

மனிதன் உண்பதற்கும் உறங்குவதற்கும் உழைப்பதற்கும் செலவிடும் நேரம் போக எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே ஓய்வு. உழைக்கும் நேரம் பிறர்க்கு உரியது. ஓய்வு ஒன்றே அவனுக்கு உரியது. ஆதலின், அதை அவன் எவ்வாறு கழிக்கிறான் என்பதைக் கொண்டு அவனை ஓரளவு அறிந்துகொள்ளலாம். அந்த அளவுகோலால் என்னை அளக்க விரும்பும் அன்பர்களுக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. விடியற்காலைப் பெரட்டு முதல் மாலை வரை ஆள் கணக்கும் குலைக் கணக்கும் எழுதுபவன். கணக்கை மூடி வைத்த பின் நான் விரும்பிப் படிப்பவையோ நடவாத கதைகள்: காலத்தைக் கடந்து செல்லும் வண்டிகள், மனிதனைப் போல் உழைக்கும் யந்திரங்கள், பெண்கள் ஆளும் நாடுகள்.

"பேயையும் மந்திரத்தையும் விரட்டிவிட்டோம் என்று மேடையில் பேசுகிறோம், நீரோ இங்கிலீஷ் பேயை வீட்டுக்குள் அழைத்து வருகிறீரே!" என்று நண்பர் ஒருவர் நகையாடினார். இது விடை சொல்லத்தக்க கேள்விதான். மூடக்கதை தன்னை நம்பச் சொல்கிறது. நம்பாதவனைப் பாவி என்கிறது. விஞ்ஞானக் கற்பனையோ தன்னை நம்பவே சொல்வதில்லை. "இப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விடை காணும் பொறுப்பைப் படிப்பவனிடம் ஒப்படைக்கிறது. முன்னது அறிவை உறங்க வைக்கிறது. பின்னது தட்டி எழுப்புகிறது. அண்மையில் நான் படித்த மூன்று நூல்கள் என்னை அவ்வாறு எழுப்பியவை.

முதலாவது, எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டு வெளியிட்ட 'காலயந்திரம்'. அதன் நாயகன் 802701ஆம் ஆண்டுக்குச் செல்கிறான். அங்கே மனித குலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மண்ணின் மேலே வாழ்வோர் பழம் தின்று, பூப்பறித்து விளையாடும் அழகிய சோம்பேறிகள். மண்ணுக்கடியில் வாழ்வோர் இருளில் யந்திரங்களை ஓட்டுவோர். இரவில் வெளிவந்து மேலுள்ளவர்களைப் பிடித்துத் தின்போர். ஓய்வு முழுவதும் ஒரு சாராருக்கும் உழைப்பு முழுவதும் மறு சாராருக்கும் என்று பங்கிட்டால், இரு சாராரும் மனிதத் தன்மையை இழப்பர் என்பதே கதையின் உட்பொருள். இளமையில் துணிக்கடையில் நாளெல்லாம் வேலை செய்த வெல்ஸுக்கு இது வெறும் கற்பனையன்று, பட்டறிந்த செய்தி.

இரண்டாவது, செக் நாட்டு ஆசிரியர் கரேல் சாப்பெக் எழுதி, 1921ஆம் ஆண்டு பிராக் நகரில் அரங்கேறிய 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகம். இன்று சிறு குழந்தையும் சொல்லும் 'ரோபோ' என்ற சொல் உலகத்திற்கு இந்நாடகம் தந்த கொடை. அச்சொல்லின் வேர், பண்ணையாருக்குக் கட்டாயமாகச் செய்துதர வேண்டிய உழைப்பைக் குறிக்கும் சொல்லாகும். கங்காணிக் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. நாடகத்தின் முடிவில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதரை அழிக்கின்றன. ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. காரணம், அவர் தம்மைப்போலவே கைகளால் உழைப்பவர் என்பதே!

மூன்றாவது நூல் மிகச் சிறியது. எனினும் என்னை மிகுதியும் ஆட்கொண்டது அதுவே. வங்காளத்து ரொக்கேயா பேகம் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', 1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் மாத இதழில் அச்சேறியது. பெண்ணுக்கு எழுத்தறிவு ஆகாது என்றிருந்த வீட்டில், இரவில் அண்ணனின் துணையோடு ஆங்கிலம் கற்றவர் அவர். பிற்காலத்தில் பெண்களுக்கெனப் பள்ளிக்கூடமே நடத்தியவர். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளர் ஒருவரிடம் அப்பெயரைச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் படித்திருப்பதாகத் தமக்குத் தெரிந்த மலாய் மொழியில் கூறி முகம் மலர்ந்தார். ஒரு பெயர் எங்கள் இருவருக்கும் உறவாயிற்று.

அக்கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்கள் வெளியே ஆளுகிறார்கள். வெயிலின் வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள்; அடுப்பில் கரியுமில்லை, புகையுமில்லை. உத்தியோகத்தில் இருக்கும் ஒரு பெண்மணி, தம் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவதாகச் சொல்கிறார். ஆண்கள் மட்டும் ஏன் ஏழு மணி நேரம் ஆபீஸில் இருந்தார்களாம்? சுருட்டுப் பிடித்துக்கொண்டு, வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம்! கிராணியாகிய நான் இவ்விடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

இக்கதையை எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருவரிடம் சொன்னேன். பகலெல்லாம் உதிரிப்பழம் பொறுக்கி, மாலையில் ஐந்து பேருக்குச் சமைப்பவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த ஊரில் சோறு ஆக்குவது யார்?" என்றார். "ஆண்கள்தாம், அக்கா" என்றேன். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஊருக்கு எந்த பஸ் போகிறது?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

தீபகற்ப மலேசியாவில் வாரத்திற்கு 48 மணியாக இருந்த வேலை நேரம், 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் 45 ஆகக் குறைந்தது. தொழிலாளர் உலகம் நெடுங்காலம் போராடிப் பெற்றுவரும் உரிமையில் இதுவும் ஒரு படி. மிஞ்சிய அந்த மூன்று மணி நேரம் எங்கே போயிற்று? ஆண்களின் பங்கு பந்து விளையாட்டிலும் சீட்டாட்டத்திலும் கைபேசியிலும் கழிந்தது. நான் புத்தகம் படித்தேன். பெண்களின் பங்கு அடுப்படிக்குப் போயிற்று. சட்டம் ஆபீஸ் மணியையும் காட்டு மணியையும் கணக்கிடுகிறது. அடுப்படி மணியைக் கணக்கிடும் செக்ரோல் எந்தத் தோட்டத்திலும் இல்லை. மண்ணுக்கடியில் உழைக்கும் கூட்டத்தைக் காண 802701ஆம் ஆண்டு வரை போக வேண்டியதில்லை, அன்பர்களே! நம் வீட்டுக் கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போனால் போதும்.

ஆகவே சிறு யோசனை ஒன்றை முன்வைக்கிறேன். தோட்டந்தோறும் மண்டபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இரண்டு மணி நேரம் அங்கே கதை வாசிப்பு நடக்கட்டும். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர் கேட்கட்டும். அன்றைய மதியச் சமையலை ஆண்கள் ஏற்கட்டும். அதற்குச் சட்டமும் வேண்டாம், சூரிய அடுப்பும் வேண்டாம், மனம் ஒன்றே போதும். எங்கள் வீட்டில் இவ்வேற்பாடு இரண்டு மாதமாக நடந்து வருகிறது. குழம்பில் உப்புக் கூடுகிறது என்ற புகார் உண்டு. ஆயினும், என் மனைவி வெல்ஸை முடித்துவிட்டுச் சாப்பெக்கைத் தொடங்கியிருக்கிறாள்.