மீண்டு வந்த மன்மதன்

ஒருவர் கதை சொல்ல, மற்றவர் பாத்திரங்களாகிப் பேசும் விளையாட்டொன்று 1974இல் அமெரிக்காவில் பிறந்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். 1980இல் நூலாக வந்த அதன் 'கிரேஹோக்' என்னும் கற்பனை உலகை, 2024இல் புதிய விதிகளுக்கேற்பப் புதுப்பித்தனர் என்று நம் மாணவர் ஒருவர் கூறினார். நமக்கோ காமன் கூத்து நினைவுக்கு வந்தது.

இரத்தினபுரிப் பகுதியில் ஓர் இறப்பர்த் தோட்டம். மாசியில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, லயத்து மக்களே ரதியும் மன்மதனுமாகி விடியவிடிய ஆடுவர். விடிந்தால் பால்வெட்டு, ஆதலால் கூத்தைச் சுருக்கித் தருமாறு இளைஞர் நம்மை வேண்டினர். ஆண்களே ஏற்றுவந்த ரதி வேடத்தை ஒரு மாணவிக்கு அளித்தோம், எவரும் மறுக்கவில்லை. ரதியின் புலம்பலையும் நான்கடியாகக் குறைத்தோம்.

ஒத்திகை பார்த்த மூதாட்டி ஒருவர், "ஐயா, புருசன் எரிஞ்சு கெடக்கான்; அவ அழுது முடிக்க வேணாமா?" என்றார். நாம் தலைகுனிந்தோம். புலம்பல் முழுமையாகத் திரும்பியது. அன்றிரவு அம்மூதாட்டியும் ரதியோடு சேர்ந்து அழுதார்.

சிவனால் எரிக்கப்பட்ட மன்மதன் பழைய உடலோடு மீளவில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தான். பழங்கலையும் எவ்வுருவிலேனும் மீளட்டும். அதற்காகக் காத்திருந்தவர் அதனை அடையாளம் காண வேண்டும்.