இல்லத்து மின்சாரமும் அதற்கு வேண்டிய ஆளும்

தச்சரை அழைக்கவும் கொத்தனாரை அழைக்கவும் நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம் ஒன்றுண்டு. இன்னார் கை நல்ல கை, இன்னாருக்கு முன்பணம் கொடுத்தால் மீண்டும் வாரார் என்பன போன்ற செய்திகள் தந்தை வழியே மகனுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. மின்சார வேலையாளரைக் குறித்து அத்தகைய வழக்கறிவு இன்னும் நிலைபெறவில்லை. பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கியது 1932-இல். பாபநாசம் நிலையம் 1944-இல். தச்சும் கொத்தும் கண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது நேற்றைய தொழிலே. ஆகவே விளக்கு எரியாவிடில், அருகில் யார் இருக்கின்றாரோ அவரையே அழைத்துவிடுகிறோம். இவ்விஷயத்தில் யாம் கண்டறிந்தவற்றுட் சில கூறுவோம்.

எமது ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று; விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்தைச் சார்ந்தது. 1970-இல் அரசாங்கத்தாரின் சிமெண்டு ஆலை இங்கே தோன்றியது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல்லும் கரிசலும்; சிவகாசிப் பக்கம் சென்றாலோ பட்டாசுச் சாலைகள். அச்சாலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன், மண்ணோடு இணைத்துப் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டே செல்லவேண்டும் என்பது முறை. உடம்பில் தங்கிய மின்சாரம் அத்தகட்டின் வழியே மண்ணில் இறங்கிவிடும். இரும்புக் கருவிகளுக்கும் அங்கு இடமில்லை. கண்ணுக்குப் புலப்படாத சிறுபொறிக்கு இவ்வளவு அஞ்சிப் பிழைக்கும் மக்களே, வீட்டு இஸ்திரிப் பெட்டி சுரீரென்று இழுத்தால், “லேசாத்தானே அடிக்குது” என்று காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மேற்செல்லுகின்றனர். இவ்வியப்பே எம்மை எழுதத் தூண்டியது.

முதலில் அறியவேண்டுவது, பழுது யாருடையது என்பதே. மீட்டர் வரையிலும் மின்வாரியத்தாருடையது. அதற்கு அப்பால் வீட்டாருடையது. (மின்வாரியம் 1957-இல் அமைந்தது, பெயர் பலமுறை மாறி, 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் விநியோகத்தைப் பார்க்கிறது, ஊரார் வாயில் என்றும் ‘ஈபி’ தான்.) அடுத்த வீட்டிலும் இருளாயின் தனியாளை அழைத்துப் பயனில்லை. 2021-இல் தொடங்கிய மின்னகம் என்னும் நிலையத்திற்குச் சொல்லலாம். விளக்குகள் என்றுமில்லாதபடி பளிச்சென்று ஒளிவிடத் தொடங்கினால் மட்டும் யாரையும் தேடிக்கொண்டிராமல் முதலில் மெயினை அணைத்துவிட வேண்டும். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டிற்கு 400-ஐ நெருங்கியும் வரக்கூடும். சற்றுத் தாமதித்தாலும் குளிர்பெட்டி, தொலைக்காட்சி யாவும் போம்.

இனி வீட்டுக்குள். எமது இல்லம் பழைய வீடு. இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு வானொலி என்று கருதி இழுத்த கம்பிகள். ஒரு கோடையில் பியூஸ் அடிக்கடி போயிற்று. அழைத்தவுடன் வந்தவர் ஏணி மீதேறி, பழைய கம்பியை உருவியெறிந்து, தம் பையிலிருந்த ஒயரினின்று செப்பிழைகள் நாலைந்தை முறுக்கிக் கட்டிக் கால்மணி நேரத்தில் இறங்கினார். “இனி நீங்களாப் பிடுங்கினாத்தான் போகும், அண்ணாச்சி” என்றார். வீட்டார் மகிழ்ந்தனர், யாம் மகிழவில்லை. பியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்ட ஓர் இடம். அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடும்போது, சுவருக்குள் உள்ள கம்பி காய்ந்து தீப்பற்றாதபடி, தான் உருகி நிறுத்துவதே அதன் தொழில். அதனைத் தடித்த கம்பியால் வலுப்படுத்தினால் பலவீனம் நீங்கிவிடுவதில்லை. கண்ணுக்கு மறைந்த வேறிடத்திற்கு, ஒருகால் குழந்தையின் தொட்டிலுக்கு மேலுள்ள சுவருக்கே, குடிபெயர்ந்துவிடுகிறது. கணக்கும் எளிதே. வாட் எண்ணை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்குச் சற்று மேல்; 2000 வாட் வெந்நீர்க் கருவி 9-க்குச் சற்றுக் குறைவு. இவையிரண்டும் ஒருங்கே பழைய கம்பியில் ஏறினால் பியூஸ் போகாமல் வேறென் செய்யும்?

ஆகவே மற்றொருவரை அழைத்தோம். அவர் வந்தவுடன் கருவியை எடுக்கவில்லை, கேட்கத் தொடங்கினார். எந்நேரத்தில் போகிறது, அப்போது எவையெவை ஓடுகின்றன, குளிர்பெட்டியைத் தொட்டால் இழுக்கிறதா, வெறுங்காலோடு நின்றால் மட்டுமா? பிறகு ஒரு பல்பில் இரண்டு ஒயர்களை இணைத்து, ஒன்றைப் பேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தார். பல்பு மின்மினிபோல் மினுங்கியது. “எர்த்து காஞ்சு கிடக்கு, அண்ணாச்சி” என்றார்.

இவ்விடத்தில் எமது மண்ணின் இயல்பைச் சொல்லாமல் இருத்தற்கில்லை. கரியும் உப்பும் இட்டுக் குழாய் புதைத்த எர்த்துக் குழி வீட்டின் பின்புறம் இருந்தது. கரிசல் மழைக்காலத்தில் குழாயை இறுகப் பற்றும். சித்திரை வைகாசியிலோ வெடித்து, குழாயைவிட்டு விலகி நிற்கும். விலகிய மண்ணில் மின்சாரம் எங்ஙனம் இறங்கும்? எர்த்தின் தடை 50 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுக்க 4.6 ஆம்பியரே ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதனைப் பொருட்படுத்தாது வாளாவிருக்கும். குளிர்பெட்டியின் உடம்போ மின்சாரம் ஏறியே நிற்கும், தொடுபவரை எதிர்பார்த்து. மனிதன் உயிருக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டுவதில்லை. அதனாலன்றோ ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு, கசிந்தவுடனே விழும்படி அமைத்துள்ளனர்! “எம்.சி.பி. வீட்டைக் காப்பாத்தும், இதுதான் ஆளைக் காப்பாத்தும்” என்று அவர் சொன்னார். அடிக்கடி விழுகிறதென்று அதனைக் கழற்றி நேராக இணைத்துக் கொடுப்போரும் உளர். அத்தகையோரை வாசலோடு அனுப்பிவிடுதல் நன்று.

நிற்க. ஆளின் தகுதியை எங்ஙனம் அறிவது? விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு மாற்றுதல் போன்ற சிறுவேலைகள் நீங்கலாக, கம்பி இழுத்தல் முதலியன உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகத் தகுதிச் சான்று உடையவர் மேற்பார்வையில் நடைபெற வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே கூறின. சிற்றூர்களில் இதனைக் கேட்பார் அரிது. கேட்டால் அவர் மனம் நோகுமோ என்று தயங்குகின்றனர். யாம் கேட்டோம். அவர் சிறிதும் நோகாமல், ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பயின்றதற்கும் பின்பு வயர்மேன் தகுதி பெற்றதற்கும் உரிய தாள்களைக் காட்டினார். தாள் மட்டும் போதாது என்பதும் உண்மையே. மெயினை அணைத்த பிறகும் ஒருமுறை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்கிறாரா என்பதை நோக்கினால் பாதி தெரிந்துவிடும்.

சிறு குறைகளுள் இரண்டைச் சொல்லி மேற்செல்வோம். கையால் தள்ளிவிட்டால் மட்டும் சுழலும் விசிறிக்குப் பெரும்பாலும் கண்டன்சர் மாற்றினால் போதும். மோட்டார் சுட்டுவிட்டது என்பாரை உடனே நம்பவேண்டா. பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரிந்து, ஒன்றும் ஓடாதிருப்பின், ‘கரண்டு மிகுதி’ என்று பொருளன்று. நியூட்ரல் எங்கோ அறுந்துள்ளது.

கூலி விஷயமாக வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. முன்னவர் நூறு ரூபாயோடு போனார். இவர் ஐந்நூறு கேட்டார். “என்ன செய்துவிட்டார்? கேள்வி கேட்டார், ஒரு பல்பை எரித்தார்” என்பது வீட்டார் வாதம். வைத்தியர் நாடி பார்ப்பதற்குக் கொடுக்கிறோம். பழுது கண்டுபிடித்த கண்ணுக்குக் கொடுக்க மட்டும் கை எழுவதில்லை. யாம் பேரம் பேசாது கொடுத்தோம். தடித்த பியூஸ் கம்பியை நீக்கி அளவுக்கு உரியதைக் கட்டி, வெந்நீர்க் கருவிக்குத் தனிக் கம்பி இழுக்க மறுநாள் வருவதாகச் சொல்லி, எந்தச் சுவிட்சு எந்த அறைக்கு என்பதை மீட்டர்ப் பலகையில் சாக்கட்டியால் எழுதிவைத்துச் சென்றார்.

துணி துவைக்கும் கல்லினின்று வழியும் நீரை எர்த்துக் குழிப்பக்கம் திருப்பும்படியும் கூறியிருந்தார். அன்று மாலையே சிறு வாய்க்கால் வெட்டினோம். ஆர்.சி.சி.பி.யின் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது இப்போது எம் வீட்டுச் சிறுவனின் பொறுப்பு. அழுத்தியவுடன் வீடு முழுவதும் இருண்டுவிடுவதால் அவனுக்கு அவ்வேலையில் பெருமகிழ்ச்சி.