பசியில்லாத கடி

வைகாசி, ஞாயிறு

நூறு டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் இன்றும் திருத்தணி இருக்கிறது. நந்தியாற்றில் மணல்தான் தெரிகிறது. ஏரியில் மட்டும் கருவேல மரங்களைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. விரால் எல்லாம் அந்த வேர்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கும் அண்ணனிடம் சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே இறங்கினேன்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அக்கா மகன் ஒரு பெட்டி நிறைய ‘ஜிக்’ கொண்டுவந்திருக்கிறான். பெரிய முள், அதன் கழுத்தில் வார்த்த ஈயத்தலை, தொங்கும் ரப்பர் குஞ்சம், வேரில் மாட்டாமல் முள்ளை மறைக்க விறைப்பான நைலான் இழைகள். அங்கே பாஸ் மீனுக்கு இதைத்தான் போடுகிறார்களாம். பாஸ் நம் ஏரிகளில் இல்லை. ஆனால் நிழலில் பதுங்கி, அருகில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும் குணத்தில் விராலும் அப்படித்தான்.

“மாமா, அதுக்குப் பசிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. யோசிக்க நேரமே குடுக்கக் கூடாது” என்றான்.

இதுதான் விஷயத்தின் மையம். மண்புழு கோத்துத் தக்கை போட்டால் மீனின் பசியை நம்பி உட்காருகிறோம். வயிறு நிறைந்த மீனும் முகத்துக்கு நேரே திடீரென்று ஒன்று விழுந்தால் வாயைத் திறந்துவிடும். அதன் பக்கக்கோடு தண்ணீரின் அதிர்வை உணர்ந்த மாத்திரத்தில் உடம்பு பாய்கிறது. நின்று பார்க்க நேரம் கிடைத்தால் திரும்பிப் போய்விடும்.

அதனால் ஜிக்கை வீசி எறிவதில்லை. தண்ணீரை ஒட்டித் தாழ்வாக அனுப்பி, மரத்தூரின் ஓரத்தில் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். பெரும்பாலான கடி அது கீழே இறங்கும்போதே விழுகிறது. ஆகவே கண் தூண்டில் நரம்பின் மேலேயே இருக்க வேண்டும். அது பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை தொடும் முன்னே தளர்ந்தாலோ உடனே சுண்டிவிட வேண்டும். ரப்பர் தவளை போடும்போது விரால் முழுதாக வாங்கட்டும் என்று ஒரு மூச்சு பொறுப்போம். ஜிக்கில் பொறுத்தால் ஈயத்தின் கடினம் உணர்ந்து துப்பிவிடும். தரையில் உட்கார்ந்த பிறகும் கடிக்கவில்லையா, சட்டென்று ஒரு துள்ளல், மறுபடி விழவிடல். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த மரம்.

விராலில் நமக்கு ஒரு வசதி உண்டு. காற்றைக் குடிக்க அது மேலே வந்தே ஆக வேண்டும். வளையம் தெரிந்த இடத்துக்குச் சற்று முன்னால் இறக்கினேன். கை நடுங்கும்படி அடித்தது.

ஆடி, கிருத்திகைக்கு மறுநாள்

ஊர் முழுக்கக் காவடி. வீட்டில் மீன் கிடையாது, தூண்டிலுக்கும் ஓய்வு. உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்று ஒன்று. பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டு, திரும்ப விட்டு, நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு மீன் ஒரே ஆண்டில் 16 முறை மாட்டியிருக்கிறது. பிறகு ஏரியை வடித்துப் பார்த்தால் 1,700க்கும் மேல் மீன்கள். அவற்றில் சுமார் 200 ஒருமுறைகூடத் தூண்டிலில் சிக்காதவை! டேவிட் பிலிப் என்ற ஆய்வாளரின் குழு எளிதில் சிக்குவதையும் சிக்காததையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்யவைத்து, தலைமுறை தலைமுறையாகச் சோதித்தது. கடிக்கும் சுபாவம் பரம்பரையாக வருகிறது என்று 2009இல் வெளியிட்டார்கள்.

அதன் தொடர்ச்சியாக 2012இல் வந்த முடிவு என்னை உலுக்கிவிட்டது. எளிதில் கடிக்கும் ஆண் மீன்கள்தான் கூட்டை அதிக மூர்க்கமாகக் காக்கின்றன, அதிகக் குஞ்சுகளுக்கும் தகப்பனாகின்றன. அப்படியென்றால் ஒரு ஏரியின் மிகச் சிறந்த தகப்பன்களைப் பொறுக்கி எடுக்கும் கருவி நம் கையில் இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் பல பகுதிகளில், அவை கூடு காக்கும் காலத்தில், ஜூன் பிற்பாதி வரை பாஸ் பிடிக்கத் தடை வைத்திருப்பதன் நியாயம் இப்போது புரிகிறது.

ஐப்பசி, வியாழன்

கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம், பூண்டி ஏரிக்குப் போகிறது. நம் ஏரியும் பாதிக்கு மேல்.

கோரைப்புல் ஓரம் தண்ணீர் சிவந்து கொதித்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரே திரளாக மேலே வந்து மூச்சு வாங்கி இறங்குகின்றன. அடியில் தாய்தகப்பன் இரண்டும் நிற்கும். பெரும்பாலும் ஆண்தான் காவல். நடுவில் எதை இறக்கினாலும் அடிக்கும், தவறவே தவறாது. எத்தனையோ பேர் இதைத்தான் கைத்திறன் என்கிறார்கள். எனக்கு அதில் திறனே தெரியவில்லை. காவல் போனதும் குறவையும் கொக்கும் அந்தத் திரளை மிச்சம் வைக்காது.

கரையில் நின்ற பையன்களிடம் இதைச் சொன்னேன். ஒருவன் மட்டும் நரம்பைச் சுருட்டிக்கொண்டான்.

கார்த்திகை, சனி

குத்தகைக்காரரிடம் பேசினேன். “அண்ணே, குஞ்சோட திரியற விராலை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. அடுத்த வருஷம் உங்க வலையிலதான வரப்போகுது.”

“பணம் கட்டி ஏலம் எடுத்தவன் தம்பி நான். தூண்டில்காரங்களுக்குச் சொல்லிடறேன். வலைக்காரங்க கேப்பாங்களானு தெரியல” என்றார்.

தை பிறக்கும் வரை தூண்டில்காரர்கள் கோரைப்புல் பக்கம் போகக் கூடாது என்று மதகடியில் ஆளை நிறுத்தியிருக்கிறார். வலைக்காரர்களை நாளை நானே போய்ப் பார்க்கிறேன்.