உப்புச் சாக்கும் என் முகமும்

எங்க வீட்டில் மூன்று போட்டோதான் இருந்தது. கோட்டு சூட்டில் அம்பேத்கர். செத்துப்போன தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி எடுத்தது. அப்புறம் அம்மாவின் வாக்காளர் அட்டை. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் காலனியில் வீடுகள் எரிந்தபோது சின்னம்மாவின் கல்யாணப் போட்டோவும் அதோடு போனது. "அப்ப எப்டி இருந்தேன்னு எனக்கே மறந்துபோச்சிடி" என்று இன்னமும் சொல்லும்.

அம்மாவுக்கு இன்னொரு போட்டோவும் உண்டு. அது எங்களிடம் இல்லை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது ஆரோவில் பக்கம் ஒரு வீட்டில் பெருக்கித் துடைக்கப் போகும். அந்த வீட்டுக்காரர் எப்போதோ உப்பளத்தில் எடுத்த படம் கூடத்தில் பெரிசாக மாட்டியிருந்ததாம். தலையில் உப்புக் கூடையோடு நிற்பது அம்மா. அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. தினமும் தன் முகத்தைத் தானே தூசி தட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறது. "சொன்னா இன்னா, கூலி ஏறுமா?" என்றது.

நம்மைப் படம் எடுப்பது புதுசில்லை. 1868 முதல் 1875 வரை வெள்ளைக்காரர்கள் 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதி போட்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து 1909-இல் ஏழு தொகுதி போட்டார். படங்களுக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும். ஆள் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நான் வைப்பது 1934-இல் ராஜகிருகத்தில் எடுத்த படத்தை. அம்பேத்கர், ரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த். நாய்க்குக்கூடப் பெயர் உண்டு, டாபி. அடுத்த வருஷமே ரமாபாய் இறந்துவிட்டார். சொந்த வீட்டில், சொந்தக்காரர்களோடு, நாயோடு எடுத்துக்கொண்ட படம். அதை ஏன் நம் வீடுகளில் மாட்டுவதில்லை என்று எனக்குக் கேள்வி உண்டு.

மதுரை ஜவகர்லால்புரத்துப் பழனிக்குமார், மீன் விற்கும் தன் அம்மாவை எடுத்த படங்களைப் பார்த்தபிறகுதான் எனக்கும் கை துறுதுறுத்தது. அண்ணனுடைய பழைய போனை அரிசி டப்பா மேல் சாய்த்துவைத்து, பத்து வினாடி டைமர் போட்டு, ஓடிப்போய் உட்காருவேன். முதல் நாள் எல்லாப் படத்திலும் நான் வேறு யாரோ மாதிரி வெளுத்திருந்தேன். டவுன் ஸ்டுடியோவில் பவுடர் அப்பி விடுவார்களே, அதே வேலையை இந்தச் சனியன் கேட்காமலேயே செய்கிறது. முகத்தை அழகாக்கும் அந்த வசதியை அணைத்தேன். அப்படியும் கறுப்பான எதைக் கண்டாலும் வெளிச்சம் பத்தவில்லை என்று அதுவாகவே கூட்டிக்கொள்கிறது. என் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கையால் குறைத்தேன். கிழக்குப் பார்த்த வாசலில் காலை ஏழு மணி வெயில். பின்னால் அம்மாவின் அடர்நீலப் புடவை. அப்பவும் கண்ணுக்குக் கீழே இருட்டு. உப்பளத்தில் வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் அடிக்கும், கண் கூசும். அது நினைவுக்கு வந்து, வெள்ளை உப்புச் சாக்கு ஒன்றைப் பிரித்து மடியில் விரித்தேன். முகம் வந்தது. என் நிறத்திலேயே வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காகிதத்தில் முதலில் போட்டோ பிடித்தவர்களில் ஒருவரான இங்கிலாந்துக்காரர் டால்பட், 1830-களில் சாதா உப்புத் தண்ணியில் தாளை நனைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் பூசித்தான் வெயிலில் உருவம் எடுத்தார். உப்பு கொஞ்சமாக இருந்தால் தாள் வெளிச்சத்துக்குக் கறுக்கும். கெட்டியான உப்புக் கரைசலில் போட்டால் கறுப்பது நின்று உருவம் தங்கும். அம்மாவிடம் சொன்னேன். "உப்புலயா படம் புடிச்சாங்க?" என்று இரண்டு தரம் கேட்டது. பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, "எனக்கு நீ எடுக்காத. எப்டின்னு சொல்லு, நானே எடுத்துக்கறேன்" என்றது. சொல்லிக்கொடுத்தேன். சாக்கை விரித்தது. கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்தது. பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பி நடந்தது. உப்புத்தண்ணி தின்ற பாதம் அது, பத்து வினாடி பத்தவில்லை. படத்தில் அம்மாவின் முதுகும், தூக்கிய ஒரு குதிகாலும், காலியாக ஒரு வெள்ளைச் சாக்கும் இருக்கிறது.

"அழிக்காத" என்றது அம்மா. மறுபடியும் போனிடம் போனது.