விடுறதுக்கு இடம் எங்க?

யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போவம் எண்டு ஆராவது சொன்னால் எங்கட செற்றுக்குள்ள இப்ப முதல் வாற கேள்வி, மோட்டார் சைக்கிளை எங்க விடுறது எண்டதுதான். என்ன வாங்கிறது, எங்க சாப்பிடுறது எல்லாம் பிறகு. கஸ்தூரியார் வீதியிலயும் ஆஸ்பத்திரி வீதியிலயும் பின்னேர நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினவைக்கு இது விளங்கும். கடைவாசலில் விட்டால் கடைக்காரர் கத்துவார். வீதியோரம் விட்டால் பொலிஸ் தண்டம் எழுதும்.

இடையூறாக நிற்கிற வாகனத்துக்குத் தண்டம் எழுதவே கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. நடைபாதையில் வரிசையாக நிற்கிற மோட்டார் சைக்கிள்களுக்காக ஊன்றுகோலோட ஒருவர் நடுரோட்டில இறங்கி நடக்கிறதை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறம். போரில் காலை இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழ்கிற ஒரு மாகாணத்தில் நடைபாதையை அடைத்துக்கொண்டு வண்டி விடுறது சின்ன விசயமில்லை. பெரியாஸ்பத்திரிக்கு வாற அம்புலன்ஸ் நெரிசலுக்குள் நின்று கத்துறதும் அப்படித்தான். ஒழுங்கு வேணும். அந்த ஒழுங்கு ஆரிட்ட முதல் வந்து நிற்குது, எதைக் கையில் கொண்டு வருது எண்டதுதான் எங்கட கேள்வி.

எங்கட நண்பன் ஒருத்தன் அம்மாவுக்கு மருந்து வாங்க ஒரு பாமசி வாசலில் வண்டியை விட்டிட்டு உள்ளுக்குப் போனான். திரும்பி வரேக்க தண்டம் எழுதத் தொடங்கியாச்சு. அந்த இடத்தில பலகையுமில்லை, கோடுமில்லை. பத்து யார் தள்ளி, ஒரு பெரிய கடை வாசலில ரெண்டு கார் அரைவாசி வீதியை மறிச்சுக்கொண்டு நிண்டது. அதைக் காட்டி, "அண்ணை, அதுக்கு?" எண்டு கேட்டான். "தம்பி, நீர் உம்மட அலுவலைப் பாரும்" எண்டதுதான் பதில்.

தண்டக் காசை விட, அதைக் கட்டுற பாடுதான் பெரிசு. லைசென்ஸை வாங்கி வைச்சுக்கொண்டு ஒரு துண்டு தருவினம். தபாற்கந்தோரில் வரிசையில் நின்று காசு கட்டி, பற்றுச்சீட்டோட பொலிஸ் நிலையத்துக்குப் போய் லைசென்ஸை மீட்க வேணும். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பு. 28 நாள் கடந்தால் நீதிமன்றம். நாட்கூலிக்குப் போற ஒருத்தருக்கு இது ஒரு நாள் உழைப்பு. கார்க்காரருக்கு இது றைவரை அனுப்பி முடிக்கிற அலுவல். 2025இல் தொடங்கின 'கவ்பே' மூலம் வீதியில் நின்றபடியே போனில் தண்டம் கட்டுற வசதி வந்திருக்குது. நல்லது, அலைச்சல் குறையும். ஆனால் தண்டம் கட்டுறது லேசானால் தண்டம் எழுதுறதும் லேசாகும். விடுறதுக்கான இடம் மட்டும் அதால கூடப்போறதில்லை.

இந்த நகரத்தின்ர வீதிகள் கார்களுக்காக வந்தவையில்லை. 90களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல், மண்ணெண்ணெயில் ஓடின ஒரு சில வாகனங்களைத் தவிர, ஊரே சைக்கிளில் போனது எண்டு அம்மா அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறம். 2009க்குப் பிறகு ஏ9 முழுதாகத் திறந்தது, லீசிங் கம்பனிகள் சந்திக்குச் சந்தி வந்தன, வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எண்டு ஆச்சு. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டது. வாகனம் கூடிக்கொண்டு போகுது, வீதியின்ர அகலம் அப்படியே கிடக்குது.

அப்ப இதுக்குப் பொறுப்பு ஆர்? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, மிச்ச உள்வீதிகள் மாநகர சபைக்கு. தண்டம் பொலிசுக்கு. ஒரு சந்தியில் நாலு பேருக்குப் பங்கு. ஆனால் 'இஞ்ச விடலாம்' எண்டு ஒரு கோடு கீற அதில ஆரைக் கேட்கிறது எண்டு சனத்துக்குத் தெரியாது. மாநகர சபை தன் விதிகளைத் தானே நடைமுறைப்படுத்தப் போனால் என்ன நடக்கும் எண்டதையும் 2021இல் பார்த்தம். குப்பை போடுறவை, வெற்றிலை துப்புறவையைக் கண்காணிக்க அப்போதைய முதல்வர் மணிவண்ணன் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். அவர்களின் நீலச் சீருடை புலிகளின் காவல்துறைச் சீருடை மாதிரி இருக்குது எண்டு சொல்லி, ஏப்ரல் 9ஆம் திகதி பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு அவரைக் கைது செய்தது. அண்டைக்கே பிணையில் விட்டார்கள். ஆனால் தெருவில ஒழுங்கு பார்க்கிற ஊழியர் என்ன நிறச் சேட்டுப் போடுறது எண்டதுகூட இஞ்ச சாதாரண விசயமில்லை எண்டது அண்டைக்கு விளங்கிச்சுது.

எங்கட சனத்துக்கு ஒழுங்கே வராது எண்டு சிலர் சொல்லுவினம். அவை நல்லூர்த் திருவிழாவை மறந்திட்டினம். 25 நாளும் கோயிலைச் சுற்றின வீதிகள் மூடப்படும். எந்த வீதி மூடும், எதால போகலாம் எண்டு முன்கூட்டியே அறிவிப்பினம். உள்ளே குடியிருக்கிற ஆக்களுக்கு வாகன அனுமதிப் பத்திரம் கொடுப்பினம். சுற்றிவர வளவுகளில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பாதுகாப்பு நிலையம் போட்டு, ஹாண்டிலில் ஒரு இலக்கத் துண்டைக் கொழுவி, மற்றத் துண்டை எங்கட கையில் தருவினம். காரில வந்தவரும் தடைக்கு வெளியில இறங்கி நடப்பார், சைக்கிளில வந்தவரும் நடப்பார். இத்தனை ஆயிரம் சனமும் கேட்டு நடக்குது. ஏனெண்டால் அங்க தடையோட சேர்ந்து இடமும் வருது, அறிவித்தலும் வருது.

வாகனத் தரிப்பிடத்தைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதின அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், தரிப்பிடக் கட்டணத்தை அந்த வீதிக்கே திருப்பிச் செலவழிக்க வேணும் எண்டு சொன்னவர். கலிபோர்னியாவில் பழைய பசடீனா எண்ட கடைத்தெருவில 1993இல் மீற்றர் பூட்டினார்கள். வந்த காசு அந்தத் தெருவின்ர நடைபாதைக்கும் விளக்குக்கும் போனதால கடைக்காரர்களே அதை ஆதரித்தார்கள். இஞ்ச நாங்கள் கட்டுற தண்டம் எங்க போகுது, அதில எங்கட வீதிக்கு ஒரு வாளி வெள்ளைப் பெயின்ராவது வந்ததோ எண்டு கேட்க எங்களுக்கு உரிமை இருக்குது.

நாங்கள் பெரிசா ஒண்டும் கேட்கேல்லை. விடக்கூடாத இடத்தில் தமிழிலும் எழுதின ஒரு பலகை. ஆஸ்பத்திரிக்கும் பாமசிக்கும் கிட்ட கால் மணித்தியாலம் நிற்கக்கூடிய ஒரு சின்ன இடம். வெறுமையாகக் கிடக்கிற வளவுகளில் திருவிழாவுக்குப் போடுற மாதிரி வருசம் முழுக்க இலக்கத் துண்டு நிலையங்கள். வாங்குற கட்டணத்துக்கு வெளிப்படையான கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கு எழுதுற பேனை காருக்கும் எழுத வேணும்.

உள்ளூராட்சிக் கூட்டம், வட்டாரக் கூட்டம் எண்டு எங்கையாவது போக வாய்ப்புக் கிடைச்சால் இந்த ஐந்தையும் கேளுங்கோ. உங்கட ஊர் ரவுணிலும் இதே கதையெண்டால் அங்கேயும் கேளுங்கோ. இடம் எங்கையெண்டு காட்டின பிறகு தண்டம் எழுதட்டும், கட்டுவம்.