தொட்டபெட்டாவில் ஓர் எண்

கணக்கிற்கு அஞ்சியே யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் புகுந்தோம், இதனை மறைப்பானேன்? வாய்ப்பாடு தவறிப் பெஞ்சியின்மேல் ஏறி நின்ற இளமை நாட்கள் எம் நெஞ்சைவிட்டு இன்னும் அகன்றில.

சென்ற கோடையில் உதகமண்டலத்தினின்று தொட்டபெட்டாச் சிகரத்திற்குச் சென்றோம். அதன் உயரம் 2637 மீட்டர், அடிக்கணக்கில் 8652. உடன்வந்த கணித மாணவர் ஒருவர், "2637-இன் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதினின்றும் ஏறு வரிசையில் எழுதியதைக் கழித்துப் பாரும். வரும் விடையையும் அவ்வாறே செய்யும். பூச்சியம் வரின் அதனையும் ஓர் இலக்கமாகவே கொள்ளும்" என்றார்.

அஞ்சியவாறே கழித்தோம். 7632-இல் 2367 போக 5265. தொடர்ந்து 3996, 6264, 4176. ஐந்தாம் முறை 6174. அப்பால் எத்துணை முறை கழிப்பினும் 6174-ஏ. 7641-இல் 1467 போக எஞ்சுவது அதுவேயன்றோ! அடிக்கணக்கையும் விட்டோமல்லோம். 8652 ஆனது 6084, 8172, 7443, 3996, 6264, 4176 எனச் சென்று, ஏழாம் படியில் அதே 6174-ஐ அடைந்தது.

நான்கும் ஒரே இலக்கமாயிராத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் இங்ஙனம் வந்து சேரும். இதனை 1946-இல் கண்டவர் நாசிக்கை அடுத்த தேவ்லாலியிற் பள்ளியாசிரியராயிருந்த காப்ரேகர். 1949-இல் சென்னைக் கணித மகாநாட்டில் வெளியிட்டார். மேற்பட்டம் பெறாத அவருக்குக் கழித்தலே கருவியாய் அமைந்தது.

அக்கழித்தல் எமக்கும் தெரிந்ததே. இத்தனை ஆண்டும் யாம் அஞ்சியது எண்ணையன்று, அப்பெஞ்சியையே என்பது அச்சிகரத்தில் விளங்கிற்று. இறங்கும் வழியெல்லாம் எதிர்வந்த மோட்டார் வண்டிகளின் எண்களைக் கழித்துக்கொண்டே வந்தோம்.